லீகல் கவர்: டிக் போடலாமா, வேண்டாமா?

இங்கிலாந்தில் கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் வேலை கடைசி நாள் ராத்திரி 11.45-க்குத்தான் நடக்கும். நாலு கம்பெனியை அலசி 15 பவுண்டு மிச்சம் பிடித்து, அப்பாடா என்று கார்டை எடுத்தால் திரை கேட்கும்: லீகல் கவர் வேண்டுமா? விபத்து வழக்குக்கான வக்கீல் செலவை ஏற்கும் கூடுதல் காப்பீடு அது, 30 பவுண்டு வாக்கில் இருக்கும். முன்பெல்லாம் டிக்கை அவர்களே போட்டு வைத்திருப்பார்கள். 2016 ஏப்ரலில் அதற்குத் தடை வந்தது. இப்போது போட்டாலும் போடாவிட்டாலும் வீட்டில் திட்டு நமக்குத்தான்.

ரவுண்டபவுட்டில் பின்னாலிருந்து ஒருவர் இடிக்கிறார், தப்பு முழுக்க அவருடையது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி என்றால் உங்கள் கம்பெனி காரைச் சரிசெய்து தரும். ஆனால் ரிப்பேர் செலவில் உங்கள் பங்கான எக்ஸஸ், 500 பவுண்டு என்று வையுங்கள், அதை முதலில் நீங்கள்தான் அழவேண்டும். அந்த 500, வேலைக்குப் போகாத நாலு நாள் சம்பளம், டாக்ஸிக் காசு, டிக்கியில் நசுங்கிய இட்லிக் குண்டான் எல்லாவற்றையும் இடித்தவரிடமிருந்து வாங்கித் தருவதுதான் லீகல் கவரின் வேலை. எதிராளியின் சேதத்துக்கு மட்டும் தரும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் கார் ரிப்பேர் செலவும் இந்தக் கணக்கில் சேரும். அந்தப் பாலிசிக்காரர்கள் யோசிக்காமல் டிக் போடலாம்.

எக்ஸஸ் மட்டும்தான் பிரச்சினை என்றால் நீங்களே ஸ்மால் கிளெய்ம், அதாவது வக்கீல் இல்லாமல் சின்னத் தொகைக்கான வழக்கு, போடலாம். 500 பவுண்டுக்கு வழக்கைத் தொடங்க கோர்ட் கட்டணம் 50; ஜெயித்தால் அதுவும் திரும்பும். இடித்ததில் வரும் கழுத்து வலிதான் சிக்கல். 2021 மே 31 முதல் அதன் நஷ்டஈட்டுக்கு அரசாங்கமே விலைப்பட்டியல் போட்டுவிட்டது. 3 மாதத்துக்குள் போய்விடும் வலிக்கு அப்போது 240 பவுண்டு, 2025-இல் ஏற்றியபின் 275. காயத்துக்கான தொகை 5,000 பவுண்டைத் தாண்டாவிட்டால், ஜெயித்தாலும் வக்கீல் ஃபீஸை எதிராளி தரமாட்டார். 275-இல் பங்கு கேட்டு எந்த வக்கீல் வருவார்?

கவர் இருந்தாலும் ஜெயிக்க 51 சதவீத வாய்ப்பு இருந்தால்தான் வழக்கை எடுப்பார்கள். எனவே டேஷ்கேம் பதிவு, போட்டோ, ரசீது முக்கியம். இடித்தவர் நம்பர் தெரியாமல் ஓடிவிட்டால் வழக்குப் போட ஆளே இல்லை. அப்படி ஓடியவர்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தரும் மோட்டார் இன்சூரர்ஸ் பீரோவுக்குத்தான் போகவேண்டும். சில பாலிசிகளில் கவர் ஏற்கெனவே உள்ளடங்கியிருக்கும், டிக்குக்கு முன் பாருங்கள். வீட்டு இன்சூரன்ஸில் இருக்கிறதே என்று நிம்மதி வேண்டாம். அதில் கார் விபத்தைப் பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள்.

டிக் போட்டவர்கள் செய்யும் கூத்து, போட்டதையே மறப்பது. விபத்துக்கு மறுநாள் “இலவசமாக கார் தருகிறோம்” என்று போன் வரும். அது கடன் வாடகை: வாடகையைப் பிறகு எதிராளி கம்பெனியிடம் வசூலிக்கப் பார்ப்பார்கள். அந்தக் கம்பெனி தரமறுத்தால் பில் உங்கள் தலையில் விழலாம். கையெழுத்துக்கு முன் பாலிசியில் இருக்கும் லீகல் ஹெல்ப்லைனைக் கூப்பிடுங்கள். 30 பவுண்டு கொடுத்து வாங்கிய நம்பர் அது.