கோச்சோட ஃபைலை அப்புறம் பார்க்கலாமுங்க

கோயமுத்தூர்ப் பக்கம் காலேஜ் பேஸ்கட்பால் டீமுக்கு ஹெட் கோச் எடுக்கறவங்க, பாட்டியாலா என்ஐஎஸ்ல (தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம்) வாங்கின கோச்சிங் டிப்ளமோவைப் பார்த்ததுமே பாதி முடிவு பண்ணிடறாங்க. அது போதாதுங்க. 12 பசங்களைக் கொடுத்து 90 நிமிஷம் பிராக்டிஸ் நடத்தச் சொல்லுங்க. பசங்க வரிசையில சும்மா நிக்கற நேரத்தை ஸ்டாப்வாட்ச்ல குறிச்சுக்கங்க.

அடுத்து ஒரு கேள்வி: கடைசி குவார்ட்டர்ல 40 விநாடி பாக்கி, 1 பாயின்ட் பின்னாடி, பந்து நம்மகிட்ட. "பொறுமையா ஆடுவோம்"னு சொன்னா யோசிங்க. 32 விநாடி இருக்கறப்பவே நல்ல ஷாட் போட்டுட்டா, எதிரணி ஷாட் போட அவங்களுக்குக் கிடைக்கற 24 விநாடியையும் தின்னாலும் 8 விநாடியோட கடைசிப் பந்து நமக்குத்தான். அவங்க ஷாட் தவறித் திரும்பி வர்ற பந்தை (ரீபவுண்டை) மட்டும் விட்டுடக் கூடாது.

நம்மூர்ல பல கோர்ட் சிமென்ட்டு. தினமும் ஜம்பிங் டிரில் வைக்கறவர்னா பசங்க முழங்கால் தாங்காது. தேர்வுக் குழுவுல பழைய பிளேயர் ஒருத்தர் போதும்; கூட்டம் சேர்ந்தா அவங்க காலத்துக் கோச்சையேதான் தேடுவாங்க.