கை வைக்காமல் தொடுவது

பிசியோதெரபி கையை நம்பிச் செய்யும் தொழில். மூட்டை மடக்குவது, இறுகிய தசையை நீவுவது, படுத்தவரை எழுப்பி உட்காரவைப்பது என நாள் முழுக்கக் கைக்கு ஓய்வே இருக்காது. ஆகவே காண்டாக்ட் இம்ப்ரவைசேஷன் என்ற நடன வகுப்பில் "கையால் பிடிக்காதீங்க" என்றதும், அப்புறம் எதை வைத்து ஆடுவது என்றுதான் தோன்றியது.

இதில் அடவு கிடையாது, பெரும்பாலும் இசையும் கிடையாது. இருவர் உடல்கள் ஓரிடத்தில் தொட்டுக்கொள்ளும். அந்தத் தொடுபுள்ளி முதுகு, தோள், இடுப்பு என்று உருண்டுகொண்டே போகும். அடுத்து என்ன என்று இருவருக்குமே தெரியாது. 1972-இல் அமெரிக்காவில் இதைத் தொடங்கிய ஸ்டீவ் பாக்ஸ்டன், நவீன நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் குழுவில் ஆடியவர், ஐக்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையும் பயின்றவர். விழும்போது உருண்டு, அடியை உடல் முழுக்கப் பரப்பிவிடும் ஐக்கிடோ வித்தை இந்த நடனத்திலும் உண்டு.

அவருடைய பயிற்சிகளில் ஒன்று 'சின்ன நடனம்'. சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான். நிற்கும்போது உடலின் எடைக்கோடு கணுக்காலுக்குச் சற்று முன்னால் விழுகிறது, கெண்டைத் தசை ஓயாமல் பின்னிழுத்துக்கொண்டே இருக்கிறது என்பதெல்லாம் பரீட்சைக்குப் படித்த சங்கதி. கண்ணை மூடி நின்றபோது அந்த இழுபறி உள்ளங்காலில் சிறு சிறு அலைவாகத் தெரிந்தது.

தாங்குவதைவிடச் சாய்வதுதான் சிரமம். முதுகோடு முதுகு வைத்து நின்றால், பாதி எடையைக் காலிலேயே ஒளித்து வைத்துக்கொள்வோம். எதிராளி முதுகுக்கு அது உடனே தெரிந்துவிடும். தாங்குபவரும் கைப்பலத்தைக் காட்ட வேண்டியதில்லை. தன் இடுப்பை மற்றவர் இடுப்புக்குக் கீழே கொண்டுபோனால் போதும், எலும்பு பார்த்துக்கொள்ளும். ஒல்லியானவர் தன்னைவிடக் கனத்தவரைச் சுமப்பது இப்படித்தான்.

பக்கவாதம் வந்த ஒருவரை நாற்காலிக்கு மாற்ற வேண்டியிருந்தது. நல்ல கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது, விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. வழக்கமாக அந்த விரல்களைப் பிரித்துவிட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தூக்குவோம். அன்று அவருடைய பலவீனமான பக்கத்தில் உட்கார்ந்து, தோளோடு தோள் வைத்துக் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் எடை என் பக்கம் வந்தது. விரல்கள் தாமாக நெகிழ்ந்தன, பாதம் தரையை அழுத்தியது. "சரி, எந்திரிக்கலாமா சார்?" என்றேன்.

நடனத்தையே சிகிச்சை என்று சொல்ல மாட்டேன், நோயாளியின் இடுப்பில் கட்டும் பாதுகாப்பு பெல்ட்டையும் விடமாட்டேன். இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஜாம் எனப்படும் கூட்டு ஆட்டத்தில் வேண்டாமென்று தோன்றினால் யாரும் காரணம் சொல்லாமல் விலகிப் போகலாம். நோயாளியால் அப்படி எழுந்து போக முடியாது. அதனால் தோளை வைக்கும் முன் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். சிலர் வேண்டாம் என்பார்கள். அவர்களுக்குப் பழைய முறைதான்.