கோவில்பட்டியில் ஒரு வார இறுதி

மகளின் ஹாக்கிப் போட்டிக்காக மதுரையிலிருந்து கோவில்பட்டி போய் வந்தோம். ஹாக்கிக்கென்றே பேர் வாங்கிய ஊர். 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் இந்த ஊர்ப் பிள்ளைதான். டீக்கடையில் நின்ற பெரியவர்கூட பெனால்ட்டி கார்னர் பற்றி நுணுக்கமாகப் பேசினார்.

மகள் கோல்கீப்பர். மற்ற பிள்ளைகள் மட்டையோடு பஸ் ஏறிவிடுவார்கள். இவளுக்குக் கால் கவசம், மார்புக் கவசம், ஹெல்மெட் என்று பெரிய மூட்டையே உண்டு. செயற்கைப் புல்லில் தண்ணீர் தெளித்துத்தான் ஆட்டம் தொடங்குகிறது. முடியும்போது கவசமெல்லாம் நனைந்து இரண்டு மடங்கு கனக்கிறது. அரையிறுதியில் தோற்றுவிட்டார்கள். ஆனால் இடப்பக்கம் பாய்ந்து, கால் நுனியால் அவள் தட்டிவிட்ட அந்த ஒரு பந்து! என் கண்ணிலேயே நிற்கிறது.

இடைவேளைகளில் எழுத்தாளர் கி.ரா.வின் (கி. ராஜநாராயணன்) ‘கோபல்ல கிராமம்’ நாவலை மறுபடி படித்தேன். அவருடைய ஊரான இடைசெவல் பக்கத்தில்தான் இருக்கிறது. 1991இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது இதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’. என் மனம் என்னவோ முதல் நாவலின் பக்கம்தான். ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள் காட்டைத் திருத்திக் கழனியாக்கும் பகுதியைக் கரிசல் வெயிலில் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

இரவு பிள்ளைகளோடு ‘சக் தே இந்தியா’ பார்த்தோம். பெண்கள் ஹாக்கி அணியைப் பற்றி 2007இல் வந்த இந்திப் படம். காதல் கதையைத் துணைக்கு அழைக்காமல் ஆட்டத்தையே நம்பி எடுத்திருக்கிறார்கள், அதற்காகவே எனக்குப் பிடிக்கும். இறுதிப் போட்டியைக் காப்பாற்றுவதும் ஒரு கோல்கீப்பர்தான்! மகள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.

மதுரையில் சிறுமிகளுக்குப் பொருந்தும் அளவில் கோல்கீப்பர் கவசம் எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.