'டாக்டரைக் கூப்பிடு' என்று நான் போட்ட விடைகள்: ஏ.என்.எம். முதல் என்க்ளெக்ஸ் வரை

அமெரிக்காவில் செவிலியராகப் பதிவு பெற எழுதும் என்க்ளெக்ஸ் தேர்வை முதல் தடவை எழுதியபோது எனக்கு 150 கேள்வியும் வந்தன. அதோடு திரை அணைந்தது. முடிவு, தோல்வி. தோற்றவர்களுக்கு மட்டும் ஓர் அறிக்கை வரும். எந்தப் பகுதியில் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே நின்றோம், எதில் ஒட்டி நின்றோம், எதில் கீழே போனோம் என்று அதில் இருக்கும். மருந்துகள் பகுதியில் நான் மேலே. தொற்றுத் தடுப்பிலும் மேலே. 'மேனேஜ்மெண்ட் ஆஃப் கேர்' பகுதியில் கீழே. நான்கு நோயாளியில் யாரை முதலில் பார்ப்பது, எந்த வேலையை யாரிடம் விடுவது, எதை உடனே டாக்டர் காதில் போடுவது, இதெல்லாம்தான் அந்தப் பகுதி. 2023 பாடத்திட்டப்படி கேள்விகளில் 15 முதல் 21 சதவீதம் அங்கிருந்து வரும். வேறெந்தப் பகுதிக்கும் இவ்வளவு கிடையாது.

அன்று இரவு அம்மாவிடம் புலம்பினேன். "பத்து வருஷம் வார்டுல நின்னவளுக்கு யாரை மொதல்ல பாக்கணும்னு தெரியலையாம்மா."

அம்மா பந்தலூர் பக்கம் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். சிலோனிலிருந்து சின்னப் பிள்ளையாக வந்தவர். "கங்காணி காட்டுன நெரையிலதானே இத்தன நாளும் நின்ன. நெரை பிரிச்சுக் குடுக்கச் சொன்னா எப்படித் தெரியும்?" என்றார். கங்காணி என்றால் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்ப்பவர், நெரை என்றால் அவர் ஒவ்வொருவருக்கும் பிரித்துக் கொடுக்கும் செடி வரிசை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆறு மாதம் கோச்சிங்குக்குக் கட்டிய பணத்தில் கிடைக்காதது அந்த ஒரு வரியில் இருந்தது.

நான் ஏறிவந்த வழி இதுதான். பிளஸ் டூ முடித்து ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் படிப்பு, இரண்டு வருடம். கூடலூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. பிறகு ஜி.என்.எம். என்ற செவிலியர் டிப்ளமோ. நான் படித்தபோது அது மூன்றரை வருடம், இப்போது மூன்று. மறுபடி வேலை. பிறகு டிப்ளமோ முடித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. பட்டம், இரண்டு வருடம். இதில் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஏ.என்.எம். பதிவு இருந்தால் ஜி.என்.எம். சேரத் தகுதி கிடைக்கும், ஆனால் படித்த வருடத்தைக் கழிக்க மாட்டார்கள். முதல் வருடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஜி.என்.எம்.மிலிருந்து போஸ்ட் பேசிக் போகும்போதுதான் நான்கு வருடப் படிப்பு இரண்டாகச் சுருங்கும். அதற்கும் மாநில நர்சிங் கவுன்சில் பதிவு கையில் இருக்க வேண்டும்.

நம் ஊரில் லைசென்ஸுக்கென்று தனிப் பரீட்சை இல்லை. படிப்பில் தேறினால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ளலாம். 1926ஆம் வருடச் சட்டத்தில் வந்த ஏற்பாடு அது. கூடலூர்க்காரர்களுக்கு ஒரு பக்கம் வயநாடு, ஒரு பக்கம் மைசூர் ரோடு. எல்லை தாண்டி வேலைக்குப் போனால் அந்த மாநிலக் கவுன்சிலிலும் பதிய வேண்டும். தமிழக அரசின் எம்.ஆர்.பி., எய்ம்ஸ் நார்செட் இரண்டும் வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வுகள். அவற்றில் மனப்பாடம் ஓரளவு காப்பாற்றும். என்க்ளெக்ஸ் அமெரிக்காவில் பதிவு பெற்ற செவிலியராக வேலை செய்ய விடலாமா என்று பார்க்கும் தேர்வு. இவரைத் தனியாக வார்டில் விட்டால் நோயாளிக்கு ஆபத்து வருமா என்பதுதான் அதன் கவலை.

ஒவ்வொரு படியிலும் பாடப் புத்தகம் தடிக்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் மாறுவது முடிவெடுப்பவர் யார் என்பது. ஏ.என்.எம்.மாக இருந்தபோது எழுதிக் கொடுத்ததைச் செய்தேன். ஜி.என்.எம். ஆனபின் மாற்றத்தைக் கவனித்துச் சொல்லப் பழகினேன். சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றுகொள்வேன். பி.எஸ்சி. முடித்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. சின்ன ஆஸ்பத்திரிகளில் அதைத்தான் நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்பார்கள்.

ஏ.என்.எம். முடித்த முதல் வருடம், ஜூன் மழை. ராத்திரி ஒரு மணிக்கு ஜீப்பில் ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். பணியர் குடியிருப்பிலிருந்து வந்தவன், இருபது வயது இருக்கும். முழுக்க நனைந்திருந்தான். இரண்டு காலிலும் வலி தாங்காமல் அழுதான். சிக்கிள் செல் என்ற ரத்த நோய் இருப்பது அட்டையில் எழுதியிருந்தது. கூடலூர் வட்டாரத்து ஆதிவாசி மக்களிடம் இந்த நோய் உண்டு என்பதால் அட்டையைப் பார்த்ததுமே சீனியர் சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது. நான் டிரேயோடு நின்று, "டாக்டரைக் கூப்பிடவா சிஸ்டர்?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஈரச் சட்டையைக் கழற்றினார், இரண்டு கம்பளி போர்த்தினார், விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினார், காய்ச்சல் பார்த்தார், வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டார், வெயின் போட்டு, டாக்டர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த நிலையான உத்தரவுப்படி சலைனைத் திறந்தார். பிறகுதான் போனை எடுத்தார். சாச்சுரேஷன், பல்ஸ், டெம்பரேச்சர், வலி என வரிசையாகச் சொன்னார். வலிக்கு ஊசி உத்தரவு வாங்கி வைக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

குளிர் பட்டால் ரத்தக் குழாய் சுருங்கும். பிறை வடிவமான சிவப்பணுக்கள் இன்னும் சிக்கிக்கொள்ளும். வலி கூடும். பயிற்சிப் புத்தகங்களில் இதே நிலைமையைக் கொடுத்து, வலிக்கும் இடத்தில் ஐஸ் வைப்பதை ஒரு விடையாக வைத்திருப்பார்கள். டாக்டருக்குச் சொல்வது இன்னொன்று. முதல் சுற்றுப் படிப்பில் நான் இரண்டாவதைப் போட்டேன். கண்ணெதிரே பார்த்த காரியம், இருந்தும் அதைத்தான் போட்டேன்.

இதில் இன்னொரு குழப்பமும் வரும். சலைன், ஆக்சிஜன் இவற்றுக்கெல்லாம் உத்தரவு வேண்டாமா? விடைகளில் ஒன்றாகக் கொடுத்திருந்தால் உத்தரவு ஏற்கெனவே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் கேட்பார்கள்.

தோற்ற பிறகு ஒரு நோட்டுப் போட்டேன். தினம் நாற்பது கேள்வி, அதற்கு மேல் இல்லை. கேள்விக்கு ஒரு நிமிடம் என்றால் விளக்கம் படிக்க இரண்டு நிமிடம். தவறான ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து. விஷயமே தெரியாவிட்டால் 'தெ'. கேள்வியை அவசரமாகப் படித்திருந்தால் 'அ'. செய்ய வேண்டியது என் கையிலேயே இருந்தும் வேறொருவர் மேல் தள்ளியிருந்தால் 'க'. கங்காணி. முதல் வாரம் 'தெ' குறைவு, பக்கம் பக்கமாக 'க'. அதைப் பார்த்தபோதுதான் இத்தனை நாளும் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தது எவ்வளவு வீண் என்று விளங்கியது.

பிறகு மறுபக்கம் சாய்ந்தேன். டாக்டர் என்ற சொல் இருக்கும் விடையைக் கண்ணை மூடிக்கொண்டு தவறென்று ஒதுக்கிவிடுவேன். சில கோச்சிங்குகளில் அப்படியே சொல்லியும் தருகிறார்கள். நம்பாதீர்கள். ஒரு கேள்வியில் காலில் மாவுக்கட்டு போட்டவர். வலி ஊசி போட்டும் வலி அடங்கவில்லை, விரல் வெளுத்திருக்கிறது, மரத்துப் போகிறது என்கிறார். நான் காலை இன்னும் உயர்த்தி வை என்று போட்டேன். கட்டுக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றுபோகும் நிலைமை அது. காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்தினால் போகிற கொஞ்ச ரத்தமும் குறையும். அங்கே உடனே டாக்டரைக் கூப்பிடுவதுதான் விடை. கட்டைப் பிரிப்பதோ தசையுறையைக் கீறிவிடுவதோ நம் கையில் இல்லை. ஆபத்தை இந்த நிமிடமே குறைக்க என் கையில் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பார்ப்பேன். இருந்தால் அது முதலில், போன் பிறகு. இல்லையென்றால் போன்.

வேலையைப் பிரித்துக் கொடுக்கும் கேள்விகளில் நம் வார்டு அனுபவம் காலை வாரிவிடும். அமெரிக்காவில் உதவியாளர், அவருக்கு மேல் எல்.பி.என். என்ற லைசென்ஸ் பெற்ற துணை நர்ஸ், அதற்கு மேல் ஆர்.என். என்ற பதிவு பெற்ற செவிலியர் என்று மூன்று அடுக்கு. குளிப்பாட்டுவது, நிலையாக இருப்பவருக்கு பி.பி. பார்ப்பது உதவியாளருக்கு. நிலையான, எதிர்பார்த்தபடி போகும் நோயாளி எல்.பி.என்.னுக்கு. முதல் பரிசோதனை, கற்றுக்கொடுப்பது, பலன் தெரிந்ததா என்று கணிப்பது ஆர்.என். வேலை, அதை விடக் கூடாது. நம் ஆஸ்பத்திரியில் ஆயாம்மா டிரஸ்ஸிங்குக்குக் கை கொடுப்பார், நோயாளிக்கு ஊட்டிவிடுவது கூட வந்த சொந்தக்காரர். கேள்விக்குள் அந்தச் சொந்தக்காரர் வரவே மாட்டார். இதை மறக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

மருந்துப் பெயர்களையும் மாற்றிப் படியுங்கள். நம் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென், சால்புட்டமால் அல்பியூட்டரால், அட்ரினலின் எபிநெஃப்ரின், பெதிடின் மெபரிடின். சலைன் சொட்டுக் கணக்கில் நாம் ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டுக்குப் பழகிவிட்டோம். ஒரு லிட்டர் எட்டு மணி நேரத்தில் என்றால் கை தானாக நிமிடத்துக்கு 42 சொட்டு என்று எழுதும். கேள்வியில் 15 சொட்டு செட் என்றிருந்தால் விடை 31. கணக்குத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் விழுவார்கள்.

தேர்வின் அமைப்பு: கணினி நம் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தை ஏற்றும், இறக்கும். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் ஐந்து மணி. அவற்றில் 15 கேள்விக்கு மதிப்பெண் கிடையாது, எவை என்று தெரியாது. முடித்த கேள்விக்குத் திரும்ப முடியாது. 85இல் நின்றால் பாஸ், 150 போனால் ஃபெயில் என்று விடுதிகளில் பேசுவதெல்லாம் வதந்தி. நாம் கோட்டுக்கு மேலா கீழா என்று 95 சதவீதம் உறுதி வந்ததும் கணினி நிறுத்திவிடும், அவ்வளவுதான். 2023 ஏப்ரலிலிருந்து புது முறை. ஒரே நோயாளியைப் பற்றி ஆறு கேள்வி தொடராக வரும், அப்படி மூன்று நோயாளிகள். குறிப்பைக் கவனி, அர்த்தம் பிரி, எது முதலில் என்று வரிசைப்படுத்து, வழிகளை யோசி, செய், பலனைப் பார் என்ற வரிசையில் கேள்விகள் போகும். அந்த ஜூன் ராத்திரி சீனியர் சிஸ்டர் செய்தது அச்சு அசல் இதேதான். அவர் என்க்ளெக்ஸ் என்ற பெயரைக் கேட்டிருக்க மாட்டார்.

இனி காகித வேலை. முதலில் இன்ஷியல். நம் சான்றிதழில் இன்ஷியல் ஓர் எழுத்து. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து, குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். இந்தியாவில் தேர்வு எழுதப் பாஸ்போர்ட் மட்டும்தான் அடையாளம். தேர்வுப் பதிவில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணமும் போகும். பதிவுக்கு 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுத மேலும் 150 டாலரும் வரியும். நாம் பதிவு கேட்கும் அமெரிக்க மாநிலத்தின் நர்சிங் போர்டுக்கு விண்ணப்பக் கட்டணம் தனி. ஜி.என்.எம்.மை ஏற்கும் மாநிலங்களும் உண்டு, ஒவ்வொன்றின் விதியும் வேறு. போர்டைத் தேர்ந்தெடுக்காமல் ஏஜென்டுக்குப் பணம் கட்டாதீர்கள். படித்த இடத்திலிருந்து தியரி, கிளினிக்கல் மணிக்கணக்கோடு டிரான்ஸ்கிரிப்ட் போக வேண்டும். நான் படித்த ஓரிடத்தில் அதற்கு மூன்று மாதம் அலைந்தேன். வேறு எதையும் தொடங்கும் முன் இதைத் தொடங்கிவிடுங்கள்.

தேர்வு மையம் எனக்கு பெங்களூர். முதுமலை, பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை பெரும்பாலான வண்டிகளுக்குச் சாலை மூடியிருக்கும். ராத்திரி பஸ் ஏறிக் காலையில் போய்ச் சேரலாம் என்ற கணக்கை நம்ப வேண்டாம். முந்தின நாள் பகலிலேயே போய்த் தங்குங்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் ஜூலையில் தேதி போட வேண்டாம், குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் நவம்பரில் போட வேண்டாம். மண் சரிந்தால் பரீட்சை நமக்காகக் காத்திருக்காது. உள்ளே போகும் முன் உள்ளங்கையை ஸ்கேன் செய்வார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஓய்வு எடுக்கலாம், ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்து முகம் கழுவிவிட்டு வந்தேன். ஐந்து நிமிடம் போனால் போகட்டும். இன்னொன்று, மலைக் குளிரில் வளர்ந்தவள் என்ற தைரியத்தில் ஸ்வெட்டர் இல்லாமல் போய் ஏ.சி.யில் நடுங்கினேன்.

தோற்றால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். நான் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டேன். இரண்டாவது முறை தொண்ணூறைத் தாண்டி ஏதோ ஒரு கேள்வியில் திரை அணைந்தது. இந்த முறை தேறிவிட்டேன். இப்போது விசாவுக்காக ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறேன்.

நோட்டை என்னோடு நைட் டியூட்டி பார்க்கும் தங்கச்சிக்குக் கொடுத்திருக்கிறேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த 'க' என்னதுக்கா?" என்றாள். எங்க அம்மாவைப் போய்க் கேள் என்று அனுப்பிவைத்தேன்.