சிமோன் மானுவல் எடுத்துக்கொண்ட மூன்று வாரம்

என் மகள் போட்டிகளுக்காக நீந்த ஆரம்பித்த பிறகு, பெரிய வீராங்கனைகளின் பதக்கப் பட்டியலைவிட அவர்களின் உடம்பு படும் பாட்டைத்தான் அதிகம் தேடிப் படிக்கிறேன். அப்படிப் படித்ததில் என் மனதை விட்டு அகலாதவர் அமெரிக்காவின் சிமோன் மானுவல்.

2016 ரியோவில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம். நீச்சலில் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பின அமெரிக்கப் பெண் அவர். 2020இல் கொரோனாவால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குளங்கள் மூடப்பட்டபோது, அவரும் இன்னொரு அமெரிக்க நீச்சல் வீராங்கனையான கேட்டி லெடெக்கியும் கலிபோர்னியாவில் ஒரு வீட்டின் பின்புறக் குளத்தில் பயிற்சி செய்தார்கள். நீளம் 25 கெஜம், இரண்டே லேன். ஒலிம்பிக் குளத்தில் பாதிகூட இல்லை!

2021 தொடக்கத்தில் உடம்பு ஒத்துழைக்க மறுத்தது. படி ஏறினாலே மூச்சு வாங்கியது. தூக்கமில்லை, மனச்சோர்வு வேறு. அளவுக்கு மீறிய பயிற்சியால் வரும் பாதிப்பு என்று தெரிந்தது. ஒலிம்பிக் தேர்வு நெருங்கும் நேரத்தில் மூன்று வாரம் முழு ஓய்வு. ஒரு நாள் தண்ணீரை விட்டு விலகினாலே பதறுகிற உலகத்தில் அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

தேர்வில் 100 மீட்டர் இறுதிச்சுற்றுக்குக்கூட அவர் வரவில்லை. நிருபர்கள் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். எந்தப் பதக்கத்தையும்விட எனக்கு அதுதான் பெரிது. அப்புறம் சில நாட்களிலேயே 50 மீட்டரில் முதலாவதாக வந்து டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சென்றார். 2024 பாரிஸில் 4×100 மீட்டர் ரிலேயில் வெள்ளியும் வென்றார்.