வனத்துச் சின்னப்பரைப் போர்த்திய மேலாடை

மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் எங்கள் பக்கத்து ஊர் அது. பெஸ்தாரி ஜெயா என்று பலகையில் எழுதியிருந்தாலும் பெரியவர்கள் வாயில் அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஒரு காலத்தில் பால்மரம் என்கிற ரப்பர் மரம், இப்போது வழியெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. பாலைவனத்தில் தனியே தவமிருந்த புனிதர் வனத்துச் சின்னப்பர். அங்கே இருக்கும் அவர் கோயிலுக்குப் போகாத தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் எங்கள் பக்கம் அபூர்வம். அவருடைய நாள் ஜனவரி 15, பொங்கலோடு பொங்கலாக வரும். நாங்கள் திருநாள் நெரிசல் ஓய்ந்த பிறகு போனோம். பக்கத்து வீட்டு அக்காவும் வந்தார், அவர் இந்து, மகனுக்காக ஒரு வேண்டுதல்.

கோயிலில் எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி, தோட்டத்தில் பால்மரம் சீவியவர். கைப்பையிலிருந்து லேமினேட் செய்த ஒரு சின்னப் படத்தை எடுத்தார். ஓலையில் பின்னிய உடை, நரைத்த தாடி, மேலே ரொட்டியைக் கவ்வி வரும் காகம். அந்தக் காகம் இருக்கும் இடம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது, அவ்வளவு தடவை விரலால் தொட்டு முத்தமிட்டிருக்கிறார்.

அக்கா அதைப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "பாட்டி, ஏசு சாமியோட பிள்ளையா, இல்ல அவரே சாமியா?"

"ரெண்டும்தான்மா" என்றார் பாட்டி, யோசிக்கவேயில்லை.

பாட்டி சொன்ன இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் 325-இல் ஆயர்கள் நிசேயாவில் கூடினார்கள். இப்போது துருக்கியில் இஸ்னிக் என்ற ஊர் அது. 1700 ஆண்டு நிறைவுக்காகத் திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 நவம்பரில் அங்கே போய் வந்தார். ஆரியுஸ் என்ற குரு, மகன் எல்லாப் படைப்புக்கும் மேலானவர்தான், ஆனாலும் அவரும் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது என்று போதித்தார். திருச்சபை அதை ஏற்கவில்லை. நாம் ஞாயிறு பூசையில் சொல்கிறோமே, ஒளியினின்று ஒளியாக, உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒரே பொருளானவர் என்று, அது அந்தச் சங்கத்திலிருந்து வந்ததுதான். நம் வீட்டில் அப்பா முன்னே, பிள்ளை பின்னே. கடவுளிடம் அந்த முன்பின் கிடையாது. தந்தை என்றைக்கிலிருந்து தந்தையோ அன்றைக்கிலிருந்தே மகன் மகன்தான்.

சரி, இதற்கும் வனத்துச் சின்னப்பருக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். அவர் வரலாற்றை எழுதியவர் புனித ஜெரோம். எகிப்தில், ரோமை மன்னன் தேசியுஸ் கிறிஸ்தவர்களை வதைத்த காலத்தில், இளைஞராகப் பாலைவனத்துக்கு ஓடியவர் அங்கேயே தங்கிவிட்டார். அறுபது வருஷம் காகம் அரை ரொட்டி கொண்டு வந்தது. அவரைப் போலவே பாலைவனத்தில் தவமிருந்த தொண்ணூறு வயது வனத்து அந்தோணியார் தேடி வந்த அன்று முழு ரொட்டி வந்தது. அப்போது சின்னப்பருக்கு 113 வயது. தன் முடிவு நெருங்கிவிட்டது தெரிந்து அந்தோணியாரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: ஆயர் அத்தனாசியார் உமக்குக் கொடுத்த மேலாடையைக் கொண்டு வாரும், என் உடலை அதில் சுற்றி அடக்கம் செய்யும்.

தன் சாவை நேரில் பார்த்து அந்தோணியார் கலங்கக் கூடாது என்றுதான் அப்படி அனுப்பி வைத்தார் என்கிறார் ஜெரோம். இருக்கலாம். ஆனால் ஓலையைக் கட்டிக்கொண்டு வாழ்ந்த மனுஷன், உலகத்தில் எத்தனையோ துணி இருக்க, மகன் கடவுளே என்று ஆரியுஸ் கூட்டத்தோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கு நின்ற அந்த அத்தனாசியாருடைய ஆடையைப் போய் ஏன் கேட்டார்? நான் எந்த விசுவாசத்தில் சாகிறேன் என்பதை அந்த ஆடை சொல்லட்டும் என்று நினைத்திருப்பார் என்றே நான் நம்புகிறேன். அந்தோணியார் திரும்பி வந்தபோது அவர் முழந்தாளிட்டபடி இறந்திருந்தார். அந்தோணியார் அவருடைய ஓலை உடையை எடுத்து வைத்துக்கொண்டு பாஸ்கா, பெந்தகோஸ்தே என்ற இரண்டு பெருவிழாவுக்கு மட்டும் உடுத்தினாராம்.

மகன் கடவுள் இல்லை என்றால் சிலுவையில் தொங்கியது யார்? நமக்காகக் கடவுள் வேறு யாரையோ அனுப்பிச் சாகவிட்டார் என்றுதானே ஆகும். அப்படியில்லை, அவரே வந்தார். கடவுள் வடிவில் இருந்தவர் அடிமையின் வடிவை எடுத்தார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதினதை தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த நம்மைப் போன்றவர்கள் வாசிக்கும்போது மனசு வேறு மாதிரி துடிக்கிறது. விடியுமுன் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடிய நம் பாட்டன்மார் பட்ட பாட்டைக் கடவுள் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை, அவரும் நாசரேத்தில் கைத்தொழில் செய்து வியர்த்தவர்.

"அப்ப நான் யார்கிட்ட வேண்டிக்கணும்?" என்றார் அக்கா.

"சின்னப்பர்கிட்டச் சொல்லு, அவர் ஆண்டவர்கிட்டக் கொண்டுபோவார். நேரா ஆண்டவர்கிட்டச் சொன்னாலும் கேப்பாரு."

அக்கா மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, ஆண்டவர் இருக்கும் நற்கருணைப் பேழைக்கு முன்னாலும் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் கோலா சிலாங்கூர் போய்ப் பசியாறினோம். அந்த அத்தனாசியார் என்ன ஆனார் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். ஐந்து தடவை ஊரைவிட்டுத் துரத்தினார்கள், எல்லாம் சேர்த்துப் பதினேழு வருஷத்துக்குக் கிட்ட என்றேன். "அவ்வளவு வருஷமா? ஏன், கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாமே" என்றார். அதில் எதை விட்டுக்கொடுக்க முடியும் என்று வீடு வந்து சேரும்வரை பேசினோம்.