மரக்கூரைக்கு எதற்கு இவ்வளவு பெரிய தூண்?

ரோமுக்குக் குழு கூட்டிப்போகும் வேலையில் எனக்குப் பதினோரு வருஷம். அதில் முதல் ஏழெட்டு வருஷம் லாத்தரன் பேராலயத்தைப் பற்றி நான் சொன்னதெல்லாம் நாலே விஷயம்தான். ரோமின் கதீட்ரல், அதாவது ரோம் ஆயரான போப்பின் சொந்தப் பேராலயம், இதுதான், புனித பேதுரு பசிலிக்கா இல்லை. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் கட்டி 324-இல் அர்ச்சித்தார்கள். 1646-க்கும் 1650-க்கும் இடையில் போரோமினி என்ற கட்டடக் கலைஞர் உள்பக்கத்தைப் பரோக் பாணிக்கு மாற்றினார். பாத்ரூம் போகிறவர்கள் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள். அங்கே விளக்கம் சொல்ல உரிமம் பெற்ற உள்ளூர் கைடு இருப்பார், அவர் ஆங்கிலத்தில் சொல்வதை நான் தமிழில் சொல்வேன், நாற்பது நிமிடத்தில் பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஒருமுறை தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குழுவில் ஒரு அண்ணாச்சி இருந்தார். நாற்பது வருஷம் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் தோமா சிலைக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், நம் ஊர்க்காரர்கள் எப்போதும் அங்கேதான் போய் நிற்பார்கள், மயிலாப்பூர் பந்தம். அவர் மட்டும் கேமராவைத் தொடவே இல்லை. சிலையின் கையைக் காட்டி, "தம்பி, மூலமட்டம் வச்சிருக்காரு பாத்தீங்களா" என்றார். மூலை சரியாக இருக்கிறதா என்று மேஸ்திரிகள் வைத்துப் பார்க்கும் L வடிவக் கருவி அது. அத்தனை தடவை அந்தச் சிலையைக் கடந்து போயிருக்கிறேன், கையில் இருப்பது என்னவென்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

அப்புறம் கழுத்தை அண்ணாந்து மேலே பார்த்தார். அங்கே தட்டையான மரக்கூரை, சிவப்பும் நீலமும் தங்கமுமாக. கீழே தூணைப் பார்த்தார். மறுபடி மேலே. "மரக்கூரைக்கு எதுக்குத் தம்பி இவ்வளவு பெரிய தூணு? இது தூணா, அறையா? யாரு கணக்குப் போட்டது?"

பரோக் என்றாலே பிரம்மாண்டம்தானே அண்ணாச்சி என்று ஏதோ சமாளித்தேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும்.

குழுவைச் சாப்பிட அனுப்பிவிட்டு, உள்ளூர் கைடு அம்மாவோடு பக்கத்துக் கடையில் நின்றபடியே காபி குடிக்கும்போது இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, இத்தனை வருஷத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் உன் மேஸ்திரிதான் என்றார். காபி ஆறிப்போகும் வரை விளக்கினார்.

விஷயம் இதுதான். பத்தாம் இன்னொசென்ட் என்ற போப்புக்கு 1650 யூபிலி ஆண்டுக்குள், அதாவது யாத்திரிகர்கள் ரோமுக்குத் திரண்டு வரும் புனித ஆண்டுக்குள், கோயில் தயாராக வேண்டும். பழைய கோயிலோ 14-ஆம் நூற்றாண்டில் இரண்டு முறை தீப்பிடித்து, ஒட்டுப்போட்டு, நடுக்கூடத்துச் சுவர்கள் செங்குத்தாக நிற்காமல் சாய்ந்து கிடந்தது. சாதாரணமாக என்ன செய்வோம்? இடித்துவிட்டுக் கட்டுவோம். பேதுரு பசிலிக்காவில் அதைத்தான் செய்தார்கள், கான்ஸ்டன்டைன் கட்டிய பழைய கோயில் அங்கே மிச்சமில்லை. இங்கே போப் போட்ட நிபந்தனை வேறு: பழையதை முடிந்தவரை காப்பாற்ற வேண்டும், அதற்கு முந்தைய நூற்றாண்டில் நான்காம் பயஸ் என்ற போப் போட்ட மரக்கூரையும் இருக்க வேண்டும். இடிக்காதே, ஆனால் புதுசாக்கு, நாளும் தள்ளாதே. இந்த மாதிரி வாடிக்கையாளரைக் கட்டட வேலையில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

போரோமினி பழைய வரிசையில் இரண்டிரண்டு தூண்களைச் சேர்த்து ஒரே பெரிய தூணுக்குள் அடைத்தார். ஒரு பக்கம் ஆறு, இரண்டு பக்கமும் பன்னிரண்டு, நடுவில் ஐந்தைந்து வளைவுகள். சாய்ந்த சுவருக்கு அதுவே முட்டு. இன்னொன்று, மேலே மரத்தை எடுத்துவிட்டு, அதைவிடக் கனமான வளைவுக் கூரை போடும் ஆசையும் அவருக்கு இருந்தது, அது கடைசி வரை நடக்கவில்லை. அண்ணாச்சியின் கண்ணுக்குப் பட்டது அந்த நடக்காத கூரைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் மைக்கை எடுத்து இதையெல்லாம் சொன்னேன். முன் சீட்டிலிருந்து அண்ணாச்சி, "அப்போ தூணுக்கு ஜாக்கெட் போட்டிருக்கான்னு சொல்லுங்க" என்றார். பழைய பில்லரைச் சுற்றிக் கம்பி கட்டி கான்கிரீட் போடுவதை நம் ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் அரைமணி நேரம் பேசியதை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் மாறிவிட்டேன். தூணில் உள்ள மாடங்களில் இன்று நிற்கும் பன்னிரண்டு திருத்தூதர் சிலைகள், ஆளைவிட இரு மடங்கு உயரம், அவை 1700-களின் தொடக்கத்தில்தான் வந்தன. 1650-இல் வந்த யாத்திரிகர்கள் பார்த்தது காலி மாடங்களை. அவற்றின் இருபுறமும் நிற்கும் பச்சைப் பளிங்குத் தூண்கள் பழைய கோயிலின் பக்கவாட்டு நடைகளிலிருந்து எடுத்துப் பொருத்தியவை. முகப்பு அதற்கும் பிந்தியது, 1735. ஆகவே "போரோமினி கட்டியது" என்று நான் ஒரே மூச்சில் சொல்லிவந்தது பாதி பொய்.

அவசர வேலையின் இன்னொரு முகத்தையும் இப்போது சொல்கிறேன். 1649 கடைசியில், கெடு நெருங்கும் நேரத்தில், தளத்தில் ஒருவன் பளிங்குக் கற்களைச் சேதப்படுத்துவதைக் கண்டு போரோமினி ஆட்களை விட்டு அடிக்கச் சொல்ல, அவன் செத்தே போனான். போப் தலையிட்டதால் போரோமினி பெரிய தண்டனையிலிருந்து தப்பினார். இதைச் சொன்னதற்காக ஒரு பயண நிறுவனம் என்னிடம் வருத்தப்பட்டது, யாத்திரைக் குழுவிடம் கொலைக் கதை வேண்டாமாம். சரி, அவர்கள் குழுவுக்கு மட்டும் சொல்வதில்லை.

எனக்குப் பிடித்தது இன்னொரு சின்ன விஷயம். சிலைகளுக்கு மேலே, சுதைச் சிற்பங்களையும் தாண்டி, இலை வேலைப்பாடு சுற்றிய முட்டை வடிவச் சட்டங்கள் உண்டு. அதற்குள் போரோமினி எதையும் வைக்கவில்லை, பழைய சுவரையே செங்கல் தெரிய விட்டிருந்தார், ஒரு புனிதப் பண்டத்தைக் காட்டுவதுபோல. 18-ஆம் நூற்றாண்டில் அங்கே தீர்க்கதரிசிகளின் ஓவியங்களைப் பொருத்தி மூடிவிட்டார்கள். நல்ல ஓவியங்கள்தான், ஆனால் எனக்குச் சுவர்தான் வேண்டும்.

விமான நிலையத்தில் பெட்டிக்கு டேக் ஒட்டும் வரிசையில் நின்றபோது இதையும் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"படத்தைக் கழட்டினா செங்கல் தெரியுமா?"

"கழட்ட விடமாட்டாங்க அண்ணாச்சி."

"கேட்டுப் பாத்தீங்களா?"